ஏர்போர்ட் பக்கம் மனை வாங்கலாமா? விளம்பரம் சொல்லாத ‘சத்தம்’ கணக்கு

“ஏர்போர்ட் வரப்போகுது சார், இப்பவே ஒரு மனையைப் பிடிச்சுப் போட்டுடுங்க!”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூரிலோ வேலை பார்ப்பவரா நீங்கள்? இப்படி ஒரு போன் உங்களுக்கும் வந்திருக்கலாம். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு திருவள்ளூர் மாவட்டத்தின் பன்னூரும் பரிசீலனையில் இருந்தது. 2022 ஆகஸ்ட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பரந்தூர் தேர்வானது. நிலம் போகுமே என்று ஏகனாபுரம் மக்கள் அப்போதிருந்தே போராடுகிறார்கள். நிலம் போகாமல் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு வரப்போவது சத்தம்.

சத்தத்துக்கு அளவு இருக்கா?

இருக்கு. 2000-ம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தொழிற்பகுதியில் 75, 70.

விமான நிலையங்களுக்கு 2018-ல் தனி அளவு வந்தது. ஆண்டுக்கு 50,000-க்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கும் நிலையங்களைச் சுற்றி பகலில் 70, இரவில் 65. மற்ற நிலையங்களில் 65, 60. பத்து டெசிபல் கூடினால், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். 45 எங்கே, 65 எங்கே!

ராத்திரி விமானத்தை நிறுத்தினால் என்ன?

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை தடை. சிட்னியில் 11 முதல் 6 வரை. பெரிய நிலையங்கள் இதைத் தாங்கும். சின்ன நிலையங்களுக்கு ஒரு விமானம் போனாலே தரையிறங்கும் கட்டணம், பயணிகள் கட்டணம், கடை வாடகை எல்லாமே அடிவாங்கும். அதிலும் 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்கு இந்தியாவில் தரையிறங்கும் கட்டணமே கிடையாது.

அப்போ வழிதான் என்ன?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001-ல் நாலு வழிகளைச் சொன்னது: சத்தம் குறைந்த விமானங்கள், சுற்றியுள்ள நிலத்தைத் திட்டமிடுவது, ஏறி இறங்கும் முறையை மாற்றுவது, கடைசியாகத்தான் தடை.

சத்தத்துக்கே விலை வைப்பதும் உண்டு. லண்டன் ஹீத்ரோவில் சத்தம் அதிகமுள்ள விமானத்துக்குக் கட்டணமும் அதிகம். சிட்னியில் 1995 முதல் 2006 வரை தனி வரி வசூலித்து, வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒலித்தடுப்பு செய்து கொடுத்தார்கள். நம் ஊரில் தரையிறங்கும் கட்டணம் பொதுவாக எடையை வைத்துத்தான்.

இதில் நமக்குக் கைகொடுப்பது நிலம்தான். 70 டெசிபலில் குடோன் இயங்கும், ஃபேக்டரி ஓடும், குழந்தை தூங்காது. விமானம் தாழப் பறக்கும் பாதையில் தொழிற்சாலைகளையும் கார்கோ கிடங்குகளையும் வைத்து, வீடுகளைத் தள்ளி வைத்தால் வருமானமும் வரும், இரவுத் தடையும் தேவைப்படாது. மீனம்பாக்கத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டதால், அங்கே அந்த வாய்ப்பு கைநழுவிவிட்டது. பரந்தூரில் இன்னும் இருக்கிறது.

எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். மனை ஓடுபாதையின் நேர்க்கோட்டில் வருகிறதா? அந்த சர்வே எண் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது? பதில் காகிதத்தில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.