தண்ணீரை விட எத்தனை மடங்கு?

டெல்லி மெஹ்ரௌலியில், குதுப் மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூணின் எடை 17 டன்னுக்கு மேல் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதினார் தொல்லியல் அறிஞர் அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம். தூணைப் பெயர்த்துத் தராசில் வைக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். தூணில் இருக்கும் இரும்பு சுமார் 80 கன அடி என்பது அவருடைய மதிப்பீடு. அதிலிருந்து எடுத்த சிறு துண்டைச் சோதித்த டாக்டர் மரே தாம்ஸன், அது தூய இரும்பு, ஒப்படர்த்தி 7.66 என்றார். அதாவது, அதே அளவு தண்ணீரைவிட 7.66 மடங்கு கனம். ஒரு கன அடித் தண்ணீர் 62.4 பவுண்டு என்பதால், ஒரு கன அடி இரும்பு சுமார் 478 பவுண்டு. அதை 80 ஆல் பெருக்கி, ஆங்கிலேய டன்னின் 2,240 பவுண்டால் வகுத்தால் 17க்குச் சற்று மேல் வருகிறது. மெட்ரிக்கில் போட்டாலும் அதே கதைதான்: கன மீட்டருக்கு 7,660 கிலோ, 80 கன அடி என்பது 2.265 கன மீட்டர், எடை ஏறக்குறைய 17,350 கிலோ. ஆனால் பிறகு தோண்டிப் பார்த்தபோது, தூண் மண்ணுக்குள் ஆழமாக இறங்கவில்லை, அடிப்பகுதி சுமார் மூன்றடியிலேயே முடிந்துவிடுகிறது என்று தெரிந்தது. மொத்த நீளம் 24 அடிக்கும் குறைவு. எடை ஆறு டன் சொச்சம். 80, 17 என்ற இரண்டு எண்களும் பொய்த்துப்போயின. அலகே இல்லாத அந்த 7.66 மட்டும், பவுண்டு போய் கிலோ வந்த பிறகும் அப்படியே பயன்படுகிறது.

அடர்த்தியை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும்போது தண்ணீரை நடுவில் நிறுத்திக்கொள்வதே பத்திரமான வழி என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். கன அடிக்கு இத்தனை பவுண்டு என்றிருப்பதை 16.02 ஆல் பெருக்கினால் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று கிடைத்துவிடும், சூத்திரம் அவ்வளவே. சிக்கல் பெருக்கலில் இல்லை, பெயர்களில் இருக்கிறது. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அதில் பத்து பவுண்டு தண்ணீர் பிடிக்கும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்தான், அதில் பிடிப்பது 8.34 பவுண்டு. கேலனுக்கு எட்டு பவுண்டு என்று மட்டும் ஒரு தாளில் எழுதியிருந்தால், முதல் கணக்கில் அது மண்ணெண்ணெய் போல லேசான திரவம். இரண்டாவதில் ஏறக்குறைய தண்ணீர்.

இந்தக் குழப்பம் ஒரு விமானத்தையே நடுவானில் நிறுத்தியது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. தொட்டியில் இருந்த 7,682 லிட்டரை எடையாக மாற்ற 1.77 ஆல் பெருக்கினார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். கிலோ என்றால் சுமார் 0.8 தான். இருந்தது ஆறாயிரம் கிலோ சொச்சம், தாளில் ஏறியது பதின்மூன்றாயிரத்துக்கு மேல். வழியில் இரண்டு எஞ்சின்களும் அணைந்தன. விமானிகளின் திறமையால் கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் இறங்கி 69 பேரும் தப்பித்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. விமான எரிபொருள் தண்ணீரில் மிதக்கும் பொருள், அது 1.77 கிலோவாக இருக்க வழியே இல்லை. அங்கே ‘தண்ணீரை விட எத்தனை மடங்கு?’ என்ற ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் போதும், தவறு பிடிபட்டிருக்கும்.

இந்தியாதான் 1956 சட்டத்தோடு மெட்ரிக்குக்கு மாறிவிட்டதே, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் நாட்டின் படித்தர கிலோகிராமும் இருக்கிறதே, மிச்சத்தைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். கைப்பேசி நாம் கொடுக்கும் எண்ணைத்தான் மாற்றும். அது எந்த கேலன், எந்த டன் என்று அதற்குத் தெரியாது. ஆங்கிலேயர் காலப் பொறியியல் ஆவணங்களும் அமெரிக்கக் கையேடுகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மணலும் ஜல்லியும் இன்றும் கன அடிக் கணக்கில்தான் விலை பேசப்படுகின்றன. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: தண்ணீரின் அடர்த்தியே வெப்பநிலைக்கு வெப்பநிலை மாறுமே? மாறும்தான். 4 டிகிரியில் கன மீட்டருக்கு 1,000 கிலோ, 15 டிகிரியில் 999. துல்லிய வணிகத்துக்கு இந்த வேறுபாடும் முக்கியம். ஆனால் பவுண்டுக்கும் கிலோவுக்கும் இடையிலான இரு மடங்குப் பிழையைப் பிடிக்க இது தடையே இல்லை.

பெட்ரோல் விஷயத்தில் வெப்பநிலையை ஒதுக்கவே முடியாது. டெல்லியின் மே மாத வெயிலில் பெட்ரோல் விரிந்து, அதன் அடர்த்தி கன மீட்டருக்கு இருபது கிலோவுக்கு மேலும் குறையலாம். அதனால்தான் பங்க்கில் ஹைட்ரோமீட்டரோடு வெப்பமானியையும் ஜாடியில் விட்டு, கிடைத்த அளவை அட்டவணையின் உதவியால் 15 டிகிரிக்கு மாற்றிச் சொல்கிறார்கள். அந்த எண் லாரியோடு வந்த சலானில் உள்ளதிலிருந்து 3 கிலோவுக்கு மேல் விலகினால் கலப்படச் சந்தேகம் எழும். இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அடுத்த முறை பங்க்கில் சந்தேகம் வந்தால் கேளுங்கள். எண்ணோடு வெப்பநிலையையும் சேர்த்துக் கேளுங்கள்.