ஊக்கம், ஆள்வினை, வலி

உற்சாகம் என்னும் வடசொல் ஒன்றே இக்காலத்து மனக்கிளர்ச்சி, முயற்சி, நடையின் மிடுக்கு ஆகிய மூன்றற்கும் வழங்கக் காண்கின்றோம். முன்னையோர் இவற்றை வேறுவேறு பெயரான் ஆண்டனர்.

திருக்குறட் பொருட்பாலில் 60-ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. பரிமேலழகர் உரைப்படி, முன்னது வினைசெய்தற்கண் மனம் மெலியாது கிளர்தல். பின்னது உடம்பால் இடைவிடாது முயலுதல். இவ்விரண்டற்கும் இடையே மடியின்மை 61-ஆவதாக நிற்றல் நோக்கற்பாலது. எழுந்த ஊக்கம் சோம்பலாற் கெடாதவழியே ஆள்வினையாய் முடியும் என்க. வள்ளுவர் உள்ளம் என்னுஞ் சொல்லையே ஊக்கத்திற்கு ஆளுதலும், அது மனத்தின்பாலது என்பதைக் காட்டும்.

இனி, நடையின் மிடுக்கிற்குத் தண்டியலங்காரம் இட்ட பெயர் வலி. அது செய்யுட்குரிய பத்துக் குணங்களுள் ஒன்று. தொகைமொழிகள் மிக்கு வருதலே அதன் இலக்கணம். வடநூலார் இதனை ஓஜஸ் என்பர். உரத்துக் கூறலும் வியப்புக்குறிகளை அடுக்கலும் வலி ஆகா.

ஆகலின், மனத்தை ஊக்கமுடைத்தென்றும், செய்வானை ஆள்வினையுடையான் என்றும், செய்யுளை வலியுடைத்தென்றும் கூறுதல் முறையாம். கிளர்ச்சி ஒன்றே கண்டு ஒருவனை முயற்சியுடையான் எனப் புகழ்வோமாயின், செய்தான் பெறற்குரிய சிறப்பைச் செய்யாதானுக்கு ஈந்தவராவோம்.