பாடசாலை வாத்திய அணியிற் கருவி பயிலல்

தை, மாசித் திங்கள்களில் வன்னிப் பெருநிலப்பரப்பின் பாடசாலை மைதானங்களில் இல்ல மெய்வன்மைப் போட்டிகள் நடைபெறும். பிரதம விருந்தினர் வாயிலில் வந்திறங்கியதும் மாலை சூட்டப்பெற்று, சீருடையும் குஞ்சந் தொங்குந் தொப்பியும் அணிந்த சிறுவர் சிறுமியர் முன்னே முழங்கிச் செல்ல, மைதானத்துக்கு அழைத்துவரப்படுவார். மறுநாட் பத்திரிகைச் செய்தியில் அவ்வணி 'பாண்ட் வாத்திய இசையுடன்' என்ற மூன்று சொற்களில் அடங்கிவிடும். அம் மூன்று சொற்களுக்குப் பின்னே மாணவனொருவன் எதனை, எவ்வாறு, எவ்வளவு காலம் கற்றான் என்பதை ஆராய்வார் அரியர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் நிலையை மனத்திற்கொண்டு அப்பயிற்சியின் இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனத் தமிழ் மரபு நால்வகைப்படுத்தும். இவற்றுள் நரம்புக்கருவி ஒழிந்த மூன்றும் வாத்திய அணியில் இடம்பெறும். நடந்துகொண்டே நரம்பை மீட்டுதல் அரிதாகலானும் அதன் ஒலி திறந்த வெளியிற் செல்லாதாகலானும் அது விலக்கப்பட்டது. பல கருவி கூடி ஒலித்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், தண்ணுமையைப் பின்பற்றி முழவும், முழவோடு கூடி ஆமந்திரிகையும் ஒலித்த முறை கூறப்படுகின்றது. ஒரு கருவியாளன் தனக்கு முன்னுள்ள கருவியைச் செவியாற் பின்பற்றுதலே கூட்டிசையின் முதல் விதி என்பது அதனாற் புலனாகும். இன்றைய அணியில் அவ்விதி தலைகீழாக நிற்பதைக் காணலாம். ஆங்கு முழவு குழலைப் பின்பற்றியது. ஈங்கு குழல், பெரிய முரசாகிய பேஸ் டிறத்தைப் பின்பற்றுகின்றது. கால்நடைக்காக எழுந்த இசையாதலின் காலை ஆளும் கருவியே தலைமை பெறுகின்றது.

சாதாரண அணிநடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள் வைக்கப்படும். அஃதாவது ஓர் அடிக்கு அரை விநாடி. பேஸ் டிறத்தின் முதலடியில் இடக்கால் நிலத்திற் படியவேண்டும். ஓரடிக்கு நான்கு தட்டு என்னும் நடையில் சைட் டிறம் முழக்கப்படின், முழக்குவோன் ஒரு விநாடியில் எட்டுத் தட்டுக்களை ஒழுங்கு குன்றாது தட்டுதல் வேண்டும். ஒரு கையால் அவ்வேகத்தை நெடுநேரம் தாங்கல் இயலாது. ஆகவே இரு கைகளுக்கும் தட்டுக்களைப் பங்கிடும் முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. வலம், இடம், வலம், வலம். இடம், வலம், இடம், இடம் என்பது அவற்றுள் ஒன்று. நந்நான்கு தட்டுக்குத் தலைமைக் கை மாறுவதால் இரு கையும் சமவலிமை பெறும். மற்றொன்று ஒவ்வொரு கையும் இவ்விரண்டு தட்டாகத் தட்டி, இரண்டாவதைத் தோலின் துள்ளலிலிருந்தே பெற்றுக்கொள்ளுதல். புதிதாகத் தொடங்கும் மாணவன் குச்சியை இறுகப் பிடித்துத் துள்ளலைக் கொன்றுவிடுகின்றான். குச்சியை விடாமலும் இறுக்காமலும் பிடிக்கக் கற்பதிலேயே முதல் மாதம் கழிந்துவிடும். கருவி தோளிலிருந்து சாய்வாகத் தொங்குவதால் இடக்கை உள்ளங்கை மேனோக்கிய நிலையிற் குச்சியைத் தாங்குகின்றது. இதன் காரணத்தை விளங்காத மாணவன் அதனை வெறும் அலங்காரமென்றே எண்ணுவான்.

இவ்விடத்திலே வன்னி மாணவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 'தகதிமி' என்னுஞ் சொற்கட்டு அவனுக்குக் காதிற் பழகியது. முல்லைத்தீவுப் பகுதியிற் பேணப்பட்டுவந்த கோவலன் கூத்தில் அண்ணாவியார் தாளக்கட்டை முதலில் வாயாற் சொல்வித்துப் பின்னரே ஆட்டத்துக்குக் கொண்டுவருவர். மேற்காட்டிய வல இட மாற்றத்தை எண்களால் மனனஞ் செய்யத் திணறும் சிறுவன், அதனையே சொற்கட்டாக இரண்டு காலங்களிற் சொல்லப் பழகின் விரைவிற் பிடித்துக்கொள்வான். முதற் காலத்திற் சொன்னதை இரட்டித்து இரண்டாங் காலத்திற் சொல்லுதல் நமது இசைப் பயிற்சியின் அரிச்சுவடி. அதனை ஒதுக்கிவிட்டு அயன்முறை எண்ணிக்கையையே பற்றிநிற்றல் கையிலுள்ள விளக்கை அணைத்துவிட்டு நெருப்புத் தேடுவதனை ஒக்கும்.

துளைக்கருவிகளின் நிலை வேறு. எளிதிற் கிடைப்பது பிளாஸ்டிக்கினால் ஆன றெக்கோடர். அதன் முன்புறத்தில் ஏழு துளைகளும் பின்புறத்திற் பெருவிரலுக்கு ஒரு துளையும் உள. புல்லாங்குழலிற்போல உதட்டாற் காற்றை நெறிப்படுத்த வேண்டுவதில்லை. காற்று விளிம்பைத் தாக்கும் வழி கருவியிலேயே அமைந்துள்ளது. ஆதலால் முதல் நாளிலேயே ஒலி பிறக்கும். ஆயினும் அவ்வெளிமை ஏமாற்றுவது. மூச்சைச் சிறிது மிகுத்து ஊதின் ஒலி மேல் தாயிக்குத் தாவிவிடும். ஒரு விரல் மயிரிழை விலகினும் கீழ்ச்சுரங்கள் கீச்சிடும். நாவினால் 'து' என மெல்லத் தொட்டு ஒவ்வொரு சுரத்தையும் தொடங்கல் வேண்டும். முப்பது சிறுவர் ஒருங்கே ஊதும்போது எவன் பிழைத்தான் என்று காண்பது ஆசிரியர்க்கு எளிதன்று. ஐந்தைந்து பேராகப் பிரித்துக் கேட்பதன்றி வேறு வழியில்லை. அதற்கு நேரமோ பெரும்பாலும் இல்லை.

பியூகிளுக்குத் துளையும் இல்லை, அழுத்தும் விசையும் இல்லை. ஒரே நீளமுள்ள குழாயில் உதட்டின் இறுக்கத்தை மாற்றுவதனாலேயே சுரங்கள் பிறக்கின்றன. அவ்வாறு பிறப்பவை 2, 3, 4, 5, 6 என்னும் எண் விகிதத்தில் அமைந்த அதிர்வுகளே. சுர எழுத்துக்களிற் கூறின் ச, ப, மேற் ச, மேற் க, மேற் ப என்பன. படை முகாமிலும் சாரணர் பாசறையிலும் ஒலிக்கும் அழைப்புக்கள் யாவும் இவ்வைந்தனுள் அடங்கும். ரி, ம, த, நி என்பன ஏன் அதில் இல்லை என்று வினவும் மாணவனுக்கு விடை கூறப் புகின், பௌதிகவியற் பாடத்தில் ஒரு முழு அத்தியாயமே திறந்துவிடும். ட்றம்பெற்றில் மூன்று விசைகள் சேர்க்கப்பட்டுள்ளன. நடுவிசை குழாயை அரைச் சுரம் தாழும் அளவு நீட்டும். முதல் விசை ஒரு முழுச் சுரமும், மூன்றாம் விசை ஒன்றரைச் சுரமும் தாழ்த்தும். இம் மூன்றனைக் கூட்டியும் பிரித்தும் இடைவெளிகள் யாவும் நிரப்பப்படுகின்றன.

வன்னியின் வெப்பமும் ஓர் ஆசிரியராகவே நிற்கின்றது. காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். ஆகவே துளைக்கருவியின் சுருதி, உள்ளிருக்கும் வளியின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு ஏறுந்தோறும் அரைச் சுரத்தின் நூறில் மூன்று கூறளவு உயரும். உலோகத் தகடுகளைச் சிறு சுத்தியால் தட்டும் கருவியோ அவ்வாறு உயர்வதில்லை. காலைக்கும் நண்பகலுக்கும் பத்துப் பாகை வேறுபாடு உள்ள நாளில், ஊதுவோனின் மூச்சு வேற்றுமையை ஓரளவு தணித்தாலும், காலையில் ஒத்திசைத்த இரு கருவிகள் பிற்பகலில் முரணுவதைச் செவி உணரும். அதற்காக மாணவனைக் கடிந்துகொள்வது முறையன்று.

கருநாடக சங்கீதம் பயிலும் மாணவர் அணிக்கு வரும்போது தோன்றும் மயக்கம் இன்னும் நுட்பமானது. 6ஆம் வகுப்பு முதல் அழகியற் பாடமாகச் சங்கீதத்தைத் தெரிந்துகொண்டோர் மாயாமாளவகௌளையிற் சரளி வரிசையைத் தொடங்கியிருப்பர். 1931ஆம் ஆண்டிலே தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குத் தோற்றியோரும் அவருள் இருப்பர். அவர்கள் றெக்கோடரின் இயல்பான சுர வரிசையை ஊதியதும் ரியும் தயும் பழக்கத்துக்கு மாறாக ஒலிப்பதைக் காண்பர். அவ்வரிசை சங்கராபரணமாகும், சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் அங்கு இல்லை. பிறிதொன்று: பாடுவோனுக்கு அவன் குரலுக்கு இசைந்த இடமே சட்சம்; அணியிலோ எல்லார்க்கும் ஒரே சுருதி முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. மேலும் றெக்கோடரிற் கற்பிக்கப்படும் முதல் மூன்று சுரங்கள், இடக்கையால் மட்டும் ஊதத்தக்க நி, த, ப என்பன. ச எனத் தொடங்கிப் பழகியவனுக்கு வீட்டினுள் பின்வாயிலால் நுழைந்தாற்போலத் தோன்றும். சுரத்தைக் கமகத்தோடு அசைத்துப் பாடப் பழகிய செவி, அசையாத நேர்ச்சுரத்தை வெறுமையென எண்ணலும் உண்டு. இவ்வேறுபாடுகளை முதல் வாரத்திலேயே எடுத்துரைப்பின் இரு பயிற்சியும் ஒன்றையொன்று வளர்க்கும். உரையாது விடின் நல்ல பாடகி ஒருத்தி 'எனக்குக் கருவி வராது' என்று ஒதுங்கிவிட இடமுண்டு.

இவ்விரு மரபும் சந்தித்தல் இயலாத காரியமன்று. முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) சென்னைக்கு அண்மையிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்திற் புனித ஜோர்ஜ் கோட்டையின் பாண்ட் இசையைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றார். அம்மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்து அவர் இயற்றியவை நோட்டு சுர சாகித்தியங்கள் என வழங்கும். அவை சங்கராபரணச் சுரங்களில், கமகமின்றி, நேர்நடையில் அமைந்தவை. ஆங்கில அரச வணக்கப் பாட்டின் மெட்டிலமைந்த ஒன்றும் அவற்றுள் உண்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தோருள் முதன்மையானவர். பாடசாலை அணிக்குத் தொடக்கப் பாடமாக இந் நோட்டு சுரங்களிலும் தக்கவை பிறவில்லை. குழந்தை பாடக் கற்றதையே ஊதவும் கற்கலாம். ஆயினும் அவற்றை அணியில் ஊதக் கேட்டல் அரிதாகவே உள்ளது.

இனிக் கருவிகளின் வரலாறு. 1996ஆம் ஆண்டிற் கிளிநொச்சியும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் பெரும்பகுதியும் இடம்பெயர்ந்தன. பாயையும் பானையையும் சுமந்து சென்ற மக்கள் பாடசாலையின் பேஸ் டிறத்தைச் சுமந்து செல்லுதல் எங்ஙனம்? செட்டிகுளத்து முகாம்களிற் கொட்டில்களில் எழுத்துப் படித்த சிறுவர் 2009ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் படிப்படியாக ஊர் மீண்டபோது, கூரையும் தளபாடமும் கருவிக்கு முன்னே வரவேண்டியனவாயின. பின்னர்ப் பழைய மாணவரும் புலம்பெயர்ந்தோரும் நன்கொடையாளரும் உதவக் கருவிகள் வந்தன. வந்த கருவிகள் இழத்தற்கு அஞ்சப்படுவன. அலுமாரியிற் பூட்டப்பட்டுப் போட்டிக்கு ஆறு வாரங்களுக்கு முன் திறக்கப்படும் கருவி அதிபரின் குற்றமன்று. ஒருமுறை யாவற்றையும் இழந்த நிலத்தின் எச்சரிக்கை அது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுசெல்லப்படாத கருவியில் விரல் பழகாது. பாண்ட் பெரும்பாலும் இணைப்பாடவிதானச் செயற்பாடாக இருப்பதால் நேரசூசியிலும் அதற்கு இடமில்லை. பேருந்துக்கு நெடுந்தூரம் நடக்கும் மாணவன் பாடசாலை விட்டபின் நின்று பயிலல் அரிது. இந்நிலையில் ஒரு வரவேற்பு மெட்டும் தேசிய கீதமும் மனனமாகியதும் பயிற்சி நின்றுவிடுகின்றது. அடுத்த ஆண்டு வேறு சிறுவருக்கு அதே இரண்டு மெட்டு. கருவியைத் தொட்டவர் பலர்; கற்றவர் சிலர். றெக்கோடர் மலிவானதாகையால் அதனையேனும் வீட்டுக்கு விடுதல் கூடும். சைட் டிறத்துக்குப் பதிலாகப் பலகைத் துண்டில் ஒட்டிய இறப்பர்த் துண்டும் இரண்டு குச்சிகளும் போதும், அயல்வீட்டாரும் உறங்கலாம்.

அணியில் எக்கருவி இடம்பெறுதல் வேண்டும் என்ற வினாவும் எழுந்துள்ளது. கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சி. மௌனகுரு 1990களின் பிற்பகுதியிலே 'இன்னியம்' என்னும் அணியை உருவாக்கினார். மேலைநாட்டுச் சீருடையும் கருவியும் நீக்கி, மத்தளம், பறை, உடுக்கு, சங்கு, தாளம் முதலியவற்றைக் கூத்தின் ஆட்டமுறையோடு இணைத்து விருந்தினரை வரவேற்கும் முறை அது. பின்னர் வடக்கிலும் பாடசாலைகள் இன்னிய அணிகளை அமைத்துள்ளன. ஈழத்தமிழர் பறை என்று வழங்குவது தமிழ்நாட்டில் அப்பெயர் பெறும் வட்டச் சட்டக் கருவியன்று. அது இருமுகமுடையது, பீப்பாய் வடிவினது, உடலிற் கட்டித் தடிகொண்டு நின்றும் நடந்தும் முழக்கப்படுவது. அமர்ந்து வாசிக்கும் மிருதங்கத்தைக் காட்டிலும் அணிநடைக்கு அண்மையானது அதுவே. சைட் டிறத்துக்கு இந்நிலத்தில் உடன்பிறப்பு உண்டாயின் அது பறையே எனல் மிகையன்று.

ஆயினும் அம்மன் கோயிற் சடங்கிலும் இறப்பு வீட்டிலும் பறை முழக்கியோர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டனர். கருவியும் அவர்களோடு ஒதுக்கப்பட்டது. அதனால், ட்றம்பெற் பிடிக்க ஓடிவரும் பிள்ளையைப் பறை பிடிக்கவிடப் பெற்றோர் தயங்குதல் இன்றும் உண்டு. மறுபுறம், பரம்பரையாக முழக்கிய குடும்பத்துப் பிள்ளையே அதனை ஏற்கத் துணியாமையும் உண்டு. பாட்டனின் இழிவு தன்மேல் மீண்டும் படியுமோ என்பது அவன் அச்சம். இவ்விரு தயக்கமும் ஒன்றல்ல. முன்னையது இறுமாப்பு, பின்னையது காயம். முன்னையதைக் கண்டித்தல் தகும். பின்னையதை அவ்வாறு கண்டித்தல் கொடுமை. பறை முழக்கத் தெரிந்த முதியவரை வாயிலில் நிறுத்தாது, ஆசிரியராக அழைத்து, ஆசிரியர்க்குரிய ஊதியமும் நாற்காலியும் கொடுத்து, எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் முறைவைத்து அக்கருவியைப் பயிற்றுவிப்பின் அச்சம் தணிய வழியுண்டு.

பறைக்குப் பேணுதல் முறையும் வேறு. 1957ஆம் ஆண்டு முதல் மேலைநாட்டு முரசுகளுக்குப் பொலியெஸ்தர்த் தகடு பொருத்தும் வழக்கம் பரவிற்று. அது மழைக்கும் வெயிலுக்கும் இளகாது. பறையின் முகம் விலங்குத் தோல். மாரிக்கால ஈரலிப்பில் அதன் ஒலி மங்கும். முழக்குமுன் வெயிலிலோ வைக்கோல் நெருப்பின் வெம்மையிலோ காய்ச்சி எடுத்தல் வேண்டும். காலபோக அறுவடை முடிந்து, சூடடித்த களங்களில் வைக்கோல் குவிந்து கிடக்கும் காலத்தை ஒட்டியே இல்ல மெய்வன்மைப் போட்டிகளும் நடைபெறுகின்றன.