ஊனம் எங்கே இருக்கிறது?

கற்பனையில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்குள் நுழைவோமா? ஓவர்லாக் இயந்திரத்தின் முன் ஒருவர் தைக்கிறார். கைகள் துணியை நகர்த்துகின்றன. கால் மிதியை அழுத்துகிறது. மிதியை அழுத்தினால்தான் இயந்திரம் ஓடும்.

சிறுவயதில் போலியோவால் கால்கள் வலுவிழந்த ஒருவர் அங்கே வேலை கேட்கிறார். கைகளில் குறையில்லை. ஆனால், "மிதியை அழுத்தணுமே, உங்களுக்குச் சரிப்படாதுங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவரைத் தடுத்தது எது? காலா, மிதியா? மிதியின் வேலையை, முழங்கையால் அழுத்தும் விசைக்கு மாற்றிவிட்டால்? கால்கள் முன்போலவே இருக்கும், அவரோ தைப்பார்!

உலக சுகாதார நிறுவனம் 1980-இல் இதற்கு மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டியது. உடலில் உள்ள குறை 'குறைபாடு'. அதனால் ஒரு செயலைச் செய்ய முடியாமை 'இயலாமை'. அதன் விளைவாக வாழ்வில் பின்தங்குவது 'பின்னடைவு'. 2001-இல் வெளியிட்ட புதிய வகைப்பாட்டில் சுற்றுப்புறத்தையும் கணக்கில் சேர்த்தது.

பக்கத்து நிட்டிங் கூடத்தைப் பாருங்கள். நூல் அறுந்தால் இயந்திரம் தானே நின்று, விளக்கு எரிகிறது. அந்த இரைச்சலில் எல்லோருக்கும் விளக்கே துணை; காது கேளாதவரும் மற்றவரும் அங்கே சமம். ஆனால் தீ அபாயத்தை மணியோசை மட்டும் அறிவித்தால்? அதே மனிதரின் உயிருக்கே ஆபத்து! மாறியது காது அல்ல, ஏற்பாடு.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது: நீண்டகாலக் குறைபாடு, தடைகளோடு சேரும்போது, ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்க முடியாமற் போகிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகள் இருந்தன. இதில் 21 வகைகள் உள்ளன. சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும். அந்தச் சதவீதம் உடலை அளக்கிறது, மிதியை அளப்பதில்லை.

நம் பேச்சிலோ 'நொண்டிச் சாக்கு', 'குருட்டு அதிர்ஷ்டம்' என்று குறைபாடே வசைச்சொல் ஆகிறது. தமிழ்நாட்டில் 2010-இல் 'ஊனமுற்றோர்' என்பதற்குப் பதிலாக 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசு வழக்குக்கு வந்தது. மதிப்பான சொல்தான். ஆனால் பெயர்ப்பலகை மாறி, வாசற்படி மாறாவிட்டால் பயன் என்ன?

நாளை உங்கள் பள்ளியில் படிகளை எண்ணுங்கள். சக்கர நாற்காலியில் ஒரு நண்பர் வந்தால், ஆய்வுக்கூடம்வரை தாமே செல்ல முடியுமா? முடியாதென்றால், ஊனம் எங்கே இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்!