நெடுங்காட்டிலிருந்து கிளம்பினால் எந்தக் காடு? பெரிய கொம்பு தேடிப் போறவங்களுக்கு

இந்த எபிசோடு முழுக்க ஒரே கேள்விக்கான பதில்தான். காரைக்கால் பக்கம் நெடுங்காட்டிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார்.

"அண்ணே, யூடியூப்ல அமெரிக்காக்காரங்க வேற மாநிலத்துக்குப் போய், அரசாங்க நிலத்துல டெண்ட் போட்டு, பெரிய கொம்பு வெச்ச மானா தேடுறாங்க. எங்க ஊர்ப் பேருலதான் காடு இருக்கு, ஊர்ல வயல்தான். நான் எங்கண்ணே போறது? கையில ஒரு பழைய கேமரா இருக்கு, ஞாயித்துக்கிழமை லீவு இருக்கு."

கேமரான்னு சொன்னாரே, அதுவரைக்கும் நிம்மதி. ஏன்னா நம்ம நாட்டுல 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போ பொழுதுபோக்குக்காக மான் சுடுறதுங்கிற பேச்சே கிடையாது. வெளிமான் மாதிரி முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கை வேட்டையாடினால் 3 வருஷத்திலிருந்து 7 வருஷம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். "சும்மா ஒரு ரீல்ஸுக்குத்தான் சார்" என்று கோர்ட்டில் சொல்லிப் பயனில்லை. அதனால் இங்கே நான் "வேட்டை" என்று சொன்னால் அது ஃபோட்டோ வேட்டை.

ஆனா அந்த அமெரிக்க வீடியோக்களில் நாம எடுத்துக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அவங்க தேடுறது மியூல் டீர். கோவேறு கழுதை மாதிரி பெரிய காது, இரண்டு இரண்டாகக் கிளைவிடும் கொம்பு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் பொது நிலம் ஏராளம், யாரும் உள்ளே போகலாம். ஆனா மானைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டை அந்தந்த மாநிலம்தான் கொடுக்கும். யூட்டா மாதிரி மாநிலத்தில் குலுக்கல். வெளிமாநிலத்துக்காரருக்குப் பத்தில் ஒரு பங்குதான். அங்கே ஹென்றி மலைப்பகுதின்னு பேர்போன இடம் ஒண்ணு. அதுக்காக வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டுப் புள்ளி சேர்த்து, இருபது வருஷம் காத்திருக்கிறவங்க உண்டு. பக்கத்திலேயே மான் நிறைய இருக்கிற, சீட்டு சுலபமா கிடைக்கிற இடங்கள் இருக்கும்போது ஏன் அந்த ஒரு மலைக்கு இவ்வளவு தவம்?

காரணம் வயசு. கொம்பு பெருசாக ஆண் மான் ஐந்து வயசையாவது தாண்டணும். வருஷா வருஷம் நிறைய பேர் சுடுற இடத்தில் ஆண்கள் இரண்டு, மூன்று வயசிலேயே முடிஞ்சிடும். மந்தை இருக்கும், பெரிய கொம்பு இருக்காது. அதனால அனுபவசாலி "எங்கே மான் அதிகம்?" என்று கேட்கிறதில்லை. "எங்கே ஆண் மானுக்கு வயசாக விடுறாங்க?" என்றுதான் கேட்பார். அப்புறம், அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்னு பார்க்க முடியும், எந்த மாசம் போகணும். இந்த மூணையும் நம்ம பக்கத்துக் காடுகள் மேல போட்டுப் பார்ப்போம்.

அதுக்கு முன்னாடி கொம்பைப் பத்தி ஒரு வார்த்தை. புள்ளிமான், கடமான் ரெண்டும் அசல் மான். கொம்பு உதிரும், திரும்ப முளைக்கும், முளைக்கிறப்போ மேலே வெல்வெட் மாதிரி தோல் மூடியிருக்கும். தவறான மாசத்தில் போனால் உதிர்த்துவிட்டு மொட்டையா நிக்கும் கலையைத்தான் பார்ப்பீங்க. (கலைன்னா ஆண், பிணைன்னா பெண். நல்ல சொற்கள், நாமதான் பயன்படுத்துறதில்ல.) வெளிமானும் வரையாடும் வேற வகை. அதுங்களுக்குக் கொம்பு வாழ்நாள் முழுக்க ஒண்ணுதான், உதிராது.

முதல்ல எல்லாரும் சொல்ற இடம், மூணாறுக்கு மேல இரவிகுளம். கேரளா, அதனால அசல் வெளிமாநிலம். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார் வேட்டைக்காகப் பாதுகாத்து வைத்திருந்த மலை; 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. இப்போ வனத்துறை பஸ்ஸிலேயே போகலாம். வரையாடு ரோட்டோரம், கைக்கெட்டும் தூரத்தில் மேயும். எண்ணிக்கை கேட்டால் இதுக்கு மேல ஒரு இடம் இல்லை. ஆனா ஏப்ரல், மே லீவில் போறவங்க எடுத்துட்டு வர்ற படத்தைப் பாருங்க, பெரும்பாலும் பிணைகளும் குட்டிகளும்தான். முதுகில் வெளுத்த சேணம் மாதிரி அடையாளம் கொண்ட முதிர்ந்த ஆண்கள், இனச்சேர்க்கைக் காலமான தென்மேற்கு மழையில்தான் மந்தையோடு சேரும். அந்த மாசங்களில் மேலே பனிமூட்டம், லென்ஸில் தண்ணி. பிப்ரவரி, மார்ச்சில் குட்டி போடும் காலம்னு பூங்காவை மூடிடுவாங்க. நெடுங்காட்டிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்கற கதையும் இல்ல.

முதுமலை? புலிகள் காப்பகம். உள்ளே இறங்கி நடக்க முடியாது, வனத்துறை வண்டியில்தான் சஃபாரி. புள்ளிமான் நிறைய, அதில் கோடையில் நல்ல கொம்போடு கலைகளும் நிறைய. ஆனா வண்டி நிக்கிறதும் நகர்றதும் உங்க கையில் இல்லை. சிலர் அதிர்ஷ்டக்காரங்க, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

குஜராத்தில் பாவ்நகர் பக்கம் வேளாவதர் இருக்கு. பாவ்நகர் மகாராஜா சிறுத்தையை (சீட்டா) அவிழ்த்துவிட்டு வெளிமான் வேட்டையாடிய புல்வெளி, 1976-லிருந்து தேசியப் பூங்கா. ஆண்கள் மை மாதிரி கறுப்பு. படத்துக்கு அதைவிட நல்ல இடம் நாட்டில் இல்லைன்னு நான் நினைக்கிறேன். மழைக்காலத்தில், ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியிருக்கும். காசு சேர்ந்ததும் போங்க.

இப்போ தம்பிக்கு என் பதில்: கோடியக்கரை.

சிரிக்காதீங்க. காரைக்காலிலிருந்து வாஞ்சூர் தாண்டினாலே தமிழ்நாடு, அதுவும் வெளிமாநிலம்தான்! (மத்தவங்க வாஞ்சூருக்கு எதுக்கு வர்றாங்கங்கிறது வேற எபிசோடு.) நாகப்பட்டினம், அங்கிருந்து வேதாரண்யம், அப்புறம் தெற்கே கொஞ்ச தூரம். முதல் பஸ்ஸைப் பிடிச்சா அன்னைக்கே போயிட்டு ராத்திரி வீட்டுச் சாப்பாடு.

ஆனா பக்கம்ங்கிறதுக்காக நான் இதைச் சொல்லல. 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், சுமார் 21 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் வெளிமான் மிக அதிகமாக இருப்பது இங்கேதான். நம்ம முதல் கேள்விக்கு இது நல்ல பதில் சொல்லுது. புலியும் சிறுத்தையும் இல்லாத காடு, துப்பாக்கியும் இல்லை. ஆண்களுக்கு வயசாகுது. வயசாக ஆக கொம்பில் திருகு கூடும். தூரத்திலிருந்து பார்க்கும்போது முதலில் திருகை எண்ணுங்க. நிறத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. நம்ம தென்பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் வேளாவதர் அளவுக்குக் கறுக்கிறதில்லை, அடர்பழுப்போட நின்னுடும். இன்ஸ்டாவில் பார்த்த கறுப்பைத் தேடிப் போனால் முன்னால நிக்கிற நல்ல கலையை விட்டுடுவீங்க.

இரண்டாவது கேள்வி, நின்னு பார்க்கிறது. வெளிமான் பேரிலேயே இருக்கு, வெளியில் வாழும் விலங்கு. புதருக்குள் ஒளியாது. திறந்த புல்வெளியில் வலுவான ஆண் தனக்கென ஒரு துண்டு நிலத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு எல்லை காட்டும். அந்தக் குவியலைக் கண்டுபிடிச்சிட்டா பாதி வேலை முடிஞ்சது, அதன் சொந்தக்காரர் திரும்பி வருவார். அனுமதிச்ச பாதையிலிருந்தே, தூரமா உட்கார்ந்து காத்திருங்க. பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் போகாதீங்க. குட்டியைப் புல்லில் படுக்க வெச்சிட்டுத் தாய் மேயப் போயிருக்கும், மனுஷக் கால் பக்கத்தில் வந்தால் அது எழுந்து ஓடும், நாய் பிடிச்சிடும்.

மாசம்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளி முழுக்க தண்ணி. பொங்கல் முடிஞ்சு மாசி வரைக்கும் நல்ல காலம்; புல் பச்சையா இருக்கும், வெயில் ஏறாது. தை அமாவாசை அன்னைக்கு மட்டும் வேண்டாம், கடலில் முழுக்குப் போட ஊரே அங்கே இருக்கும். ஆடி அமாவாசையும் அப்படித்தான். நுழைவு நேரம், கட்டணம், வழிகாட்டி எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முந்தின நாளே வனத்துறையிடம் ஃபோனில் கேட்டுக்கோங்க.

இன்னொரு காரணமும் இருக்கு, நான் கோடியக்கரையைத் தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றதுக்கு. புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் ஏறிக்கிட்டே வருது. அதுக்குள்ள வெளிமான் நிக்காது. இருக்கிற புல்லுக்கு அங்கேயே திரியும் காட்டுக் குதிரைகளும் போட்டி. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ பல வெளிமான்களும் புள்ளிமான்களும் செத்தன. முன்னால கடல், பின்னால உப்பளமும் ஊரும். தப்பி ஓட வேற காடு கிடையாது. முதுமலையில் ஒரு பக்கம் வறண்டால் விலங்கு பந்திப்பூருக்குப் போகும். இங்கே அந்த வசதி இல்லை. இந்த இடத்தில் புல் சுருங்கினால் வயசான ஆண்களும் சேர்ந்தே குறையும்.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம், தம்பி. புள்ளிமான் உதிர்த்த கொம்பு வழியில் கிடந்தால் "இயற்கையா விழுந்ததுதானே" என்று பையில் போட்டுடாதீங்க. சட்டப்படி அதுவும் ட்ராஃபிதான், சரணாலயத்திலிருந்து எதையும் எடுத்துட்டு வரக் கூடாது. திருகுக் கொம்பு கிடந்தால் இன்னும் கவனம். வெளிமானுக்குக் கொம்பு உதிராதுன்னு சொன்னேன் இல்லையா, அப்போ அங்கே ஒரு ஆண் செத்திருக்கு. தொடாமல் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறிச்சுக்கிட்டு, கேட்டில் இருக்கிற வனக்காவலரிடம் காட்டுங்க.