குட்டி பைக்கில் பெரிய பாடம்

வார இறுதிப் பந்தயப் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களை முதலில் ஏன் குட்டி ‘பிட் பைக்’கில் ஏற்றுகிறார்கள் தெரியுமா? இதற்கு உங்கள் இயற்பியல் பாடமே பதில் சொல்லும்.

வளைவில் திரும்பும் வண்டிக்கு, வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை தேவை. அதுதான் மையநோக்கு விசை. டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு அதைத் தருகிறது. வெளிப்பக்கம் கவிழாமலிருக்க, ஓட்டுநர் வண்டியோடு உள்பக்கம் சாய்கிறார்.

எவ்வளவு சாய வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுங்கள். விடை 10 வந்தால், அது ஏறக்குறைய புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம். அப்போது சாய்வு சுமார் 45 பாகை.

பெரிய பைக் 90 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நொடிக்கு 30 மீட்டர் (மணிக்கு 108 கி.மீ.) வேகத்தில் திரும்புகிறது: 900 ÷ 90 = 10. பிட் பைக் கோ-கார்ட் தடத்தில், 10 மீட்டர் ஆரத்தில், நொடிக்கு 10 மீட்டர் (மணிக்கு 36 கி.மீ.) வேகத்தில் திரும்புகிறது: 100 ÷ 10 = 10. இரண்டுக்கும் ஒரே சாய்வு!

ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஓட்டுநர் உடலின் இயக்க ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்குதான். விழுந்தாலும் அடி குறையும்; பாடம் குறையாது.

1998இல் ஜொகூர், பாசிர் கூடாங்கில் உலக கிராண்ட் பிரீ நடந்தபோது வீரர்கள் சாய்ந்ததும் இதே கணக்கின்படிதான்.

ஆயர் ஈத்தாம் சாலை வளைவில் இதை முயலாதீர்கள். மணலோ எண்ணெயோ கிடந்தால் உராய்வு குறைந்து டயர் வழுக்கிவிடும். எதிரே லாரியும் வரலாம். மூடிய தடம், பயிற்றுநர், தலைக்கவசம், தோலுடை ஆகிய நான்கும் இருந்தால் மட்டுமே சாயலாம்.