குருவிச்சையும் குருவியும்

பழமுண்ணும் காட்டுச் சிறுபறவை என்றதும் சிங்கராஜக் காடு நினைவில் எழுவது இயல்பே. 1872ஆம் ஆண்டில் அறிவியலுலகுக்கு அறிமுகமாகி, வில்லியம் வின்சென்ற் லெக் என்பாரின் பெயரைத் தாங்கிய பூங்கொத்தி, இலங்கையின் ஈரவலயத்துக்கே உரியது. உலகில் வேறெங்கும் இல்லாதது. ஆயின், அதன் உறவுப் பறவையொன்று, காடென்று சொல்லத்தக்க காடில்லாத யாழ்ப்பாணத்து வளவுகளிலும் வாழ்கின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அதன் நீளம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர். மங்கிய மேனி, வெளிறிய, சற்றே வளைந்த அலகு. மரத்தில் அதன் உருவைக் காணுமுன்னே ‘சிக், சிக்’ என்னும் குரலைக் கேட்டுவிடலாம். அது பெரிதும் நாடுவது குருவிச்சைப் பழத்தை. அப்பழத்தின் விதையைச் சூழ்ந்துள்ள பசை எளிதில் விடாது. பறவை வெளியேற்றும் விதை கிளையிலேயே ஒட்டி, அங்கேயே முளைத்து, மரத்தின் நீரையும் உப்புக்களையும் உறிஞ்சுகின்றது. பழத்தைத் தேடி மரத்துக்கு மரம் செல்லும் பறவையே அடுத்த செடியையும் நட்டுவிடுகின்றது. கொங்கணத்தில் இவ்வுறவை ஆராய்ந்த பறவையியல் அறிஞர் சாலிம் அலி, 1931இல் அதுபற்றி எழுதினார். நம் முன்னோரோ அச்செடியின் பெயரிலேயே குருவியை அமர்த்திவிட்டனர்.

மாமரம் வைத்திருப்போர்க்குக் குருவிச்சை பகையே. கறுத்தக்கொழும்பானில் அது படர்ந்தால் கிளை நலியும், காய்ப்புக் குன்றும். அங்கே அதனை வெட்டுவதில் தவறில்லை. ஆயின், காய்க்கும் மரமெது, நிழல்மரமெது என்று பாராது, ஊரெங்கும் ஒருசேர அழித்தல் வேறு. அதன் குழல்வடிவ மலர்கள் தேன்சிட்டுக்கும் உணவளிப்பவை.

திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் தோன்றிய 1974ஆம் ஆண்டுக்குப் பின் ஊர் மெல்ல நகராகி வந்துள்ளது. வளவுகள் பங்கிடப்படுகின்றன, கிளுவை வேலி நின்ற இடத்தில் மதில் எழுகின்றது. காடற்ற ஊரில் இவ்வளவுகளன்றோ பறவைக்குக் காடு!

ஆதலின், வளவின் மூலையில் நிற்கும் முதிய வேம்பிலாவது ஒரு கொத்துக் குருவிச்சையை விட்டுவைக்கலாம். அடுத்த மாவில் அதன் விதை விழத்தான் செய்யும். முளைத்த இளஞ்செடியை ஆண்டுதோறும் கிள்ளியெறிதல் பெருஞ்சுமையன்று. அதற்கும் மனமில்லாதார் ஒரு ஜாம் மரம் நடலாம். அமெரிக்க வெப்பநாட்டிலிருந்து வந்த அம்மரத்தின் சிறு பழங்களையும் இப்பறவை விரும்பியுண்ணும். பள்ளி முற்றத்தில் அத்தகைய மரமொன்று நின்றால், ஆசிரியர் மாணவரை அதன்கீழ் நிறுத்தி, விதை பரவும் பாடத்தை நூலின்றியே நடத்தலாம்.